இருமினால் கசிகிறது, யாரிடம் சொல்வது?

வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் நம் வீடுகளில் நிறைய. ஏன் என்று கேட்டால், "வழியில பாத்ரூம் எங்க இருக்கு?" என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அவர்களில் சிலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. தும்மினால் சிறுநீர் கசிகிறது. வாய்விட்டுச் சிரித்தால் கசிகிறது. பேருந்து வேகத்தடையில் ஏறி இறங்கினால் கசிகிறது. மாலையானால் அடியில் ஏதோ இறங்கி நிற்பதுபோல் கனக்கிறது. கணவருக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கப் போகும்போது மருத்துவரிடமும் இதைச் சொல்வதில்லை.

இதற்கெல்லாம் அடிப்படை இடுப்புத்தளத் தசைகள். மருத்துவமனையில் 'பெல்விக் ஃப்ளோர்' என்பார்கள். அவை என்ன, தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்க்கலாம். அதைவிட முக்கியமாக நான் எழுத நினைப்பது, இந்தத் தொந்தரவு ஒரு பெண் தன் உடலையே பார்க்கும் பார்வையை எப்படி மாற்றிவிடுகிறது என்பதைத்தான். கசிவது சில சொட்டுகளாக இருக்கலாம். அதை மறைப்பதற்காக அவள் கைவிடுபவை ஏராளம். அந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது

அடிவயிறு முடியும் இடத்தில் கையை வைத்தால் முன்பக்கம் ஓர் எலும்பு தட்டுப்படும். பின்னால் முதுகெலும்பின் கடைசி நுனி இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, சேலையில் கட்டிய தூளிபோல, தசைகளும் இணைப்புத் திசுக்களும் சேர்ந்து ஒரு தளத்தை அமைத்திருக்கின்றன. அதன்மேல்தான் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் அமர்ந்திருக்கின்றன. சிறுநீர் வரும் துளை, பிறப்புறுப்பு, ஆசனவாய் ஆகிய மூன்று வழிகளும் இந்தத் தளத்தின் ஊடாகவே வெளியே வருகின்றன.

உறுப்புகளைத் தாங்குவது, மூன்று வழிகளையும் வேண்டிய நேரத்தில் மூடி வைப்பது, தாம்பத்தியத்தில் உணர்வுக்குத் துணை நிற்பது எல்லாம் இந்தத் தசைகளின் வேலை. நன்றாக இயங்கும் உடலில், இருமலோ தும்மலோ வருவதற்கு ஒரு கணம் முன்பே அவை தாமாகச் சுருங்கிவிடும். வயிற்றிலிருந்து கீழ்நோக்கி வரும் அழுத்தத்தை அந்தச் சுருக்கம் தடுத்துவிடும். நாம் நினைத்துச் செய்வதில்லை என்பதால், அது நின்றுபோகும் வரை அப்படி ஒன்று நடக்கிறது என்பதே நமக்குத் தெரிவதில்லை.

தளர்வதும் இந்தத் தசைகளின் வேலைதான். சிறுநீர், மலம் கழிக்கும்போது அவை விட்டுக்கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் "இறுக்குங்கள், இறுக்குங்கள்" என்று மட்டும் சொல்லித்தரும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. அவற்றால் சிலருக்குக் கெடுதலும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என்னென்ன வரலாம்

இருமும்போது, தும்மும்போது, குடத்தைத் தூக்கும்போது கசிவது ஒரு வகை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே அவசரம் வந்து, கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் நனைந்துவிடுவது இன்னொரு வகை. இரண்டும் கலந்திருப்பவர்களும் நிறைய. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் சிகிச்சை வேறு வேறு. முதல் வகைக்குத் தசைப் பயிற்சிதான் முதல் மருந்து. இரண்டாவது வகையில் சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே தேவையில்லாமல் சுருங்குகிறது. அதைப் பழக்கியெடுக்க வேண்டும், சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும்.

அடுத்தது இறக்கம். ஊரில் "அடி இறங்கிடுச்சு", "கர்ப்பப்பை இறங்கிடுச்சு" என்பார்கள். இறங்குவது எப்போதும் கர்ப்பப்பையாக இருக்க வேண்டியதில்லை. பிறப்புறுப்பின் முன்சுவர் தளர்ந்து அதோடு சிறுநீர்ப்பை சரிவதுதான் அதிகம் காணப்படுவது. பின்சுவர் தளர்ந்தால் மலக்குடல் முன்னால் புடைக்கும். நின்றுகொண்டே வேலை பார்த்த நாளின் மாலையில் கனம் கூடும், படுத்தால் குறையும். குளிக்கும்போது கையில் உருண்டையாக ஏதோ தட்டுப்படும். சிறுநீர் முழுதாக வெளியேறாது. பின்சுவர் புடைத்த சிலருக்கு, விரலால் அழுத்திக் கொடுத்தால்தான் மலம் வெளியேறும். இதைப் பல வருடங்களாகச் செய்துவந்தும் யாரிடமும் வாய்திறக்காத பெண்கள் இருக்கிறார்கள். அருவருப்பான பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மருத்துவர்களுக்கு இது நன்கு தெரிந்த அறிகுறி. கேட்டால் சொல்லிவிடுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பிரசவத்தில் ஆசனவாயின் தசைவரை கிழிந்தவர்களுக்குக் காற்றும் மலமும் அடக்க முடியாமல் போகலாம். எல்லாவற்றிலும் அதிக வெட்கத்தோடு மறைக்கப்படுவது இதுவாகத்தான் இருக்கும்.

இவற்றுக்கு நேரெதிரான பிரச்சினையும் உண்டு. தசைகள் தளரவே தெரியாமல் இறுகிப்போயிருப்பது. அப்படிப்பட்டவர்களுக்கு உடலுறவில் கடும் வலி இருக்கும், சிலருக்கு உறவே முடியாது. மலச்சிக்கல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் வருவதுபோன்ற உணர்வு எல்லாம் சேரும். இவர்கள் இறுக்கும் பயிற்சி செய்தால் வலி இன்னும் கூடும். இவர்களுக்குத் தேவை, மூச்சோடு சேர்த்துத் தசையைத் தளர்த்தப் பழகுவது.

யாருக்கு, ஏன்

அமெரிக்காவில் 2005, 2006 ஆண்டுகளில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பைக் கொண்டு 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. வயதுவந்த பெண்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு, இடுப்புத்தளத் தொந்தரவு ஏதாவது ஒன்று இருந்தது. 20 முதல் 39 வயதுக்குள் ஏறத்தாழ 10 சதவீதம், 80 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர். இறக்கத்தைப் பொறுத்தவரை, கண்ணால் பார்க்கவோ உணரவோ கூடிய புடைப்பு இருந்தவர்களை மட்டுமே அதில் கணக்கிட்டார்கள்.

சுகப்பிரசவம் முக்கியக் காரணம். குழந்தையின் தலை வெளியே வரும்போது இந்தத் தசையின் ஒரு பகுதி தன் நீளத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் நீள வேண்டியிருக்கிறது என்று கணினி மாதிரியில் கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு நீண்டும் பெரும்பாலான பெண்களுக்கு அது மீண்டுவிடுவதுதான் வியப்பு. ஆயுதம் போட்ட பிரசவம், பெரிய குழந்தை, நெடுநேரம் முக்கியது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். சிசேரியன் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் அந்தப் பகுதியின் திசுக்கள் மெலிகின்றன. விடாத இருமல், நாள்பட்ட மலச்சிக்கல், உடல் எடை, பாரம் தூக்கும் வேலை, பிறவியிலேயே இளகிய திசு ஆகியவையும் காரணங்கள்.

பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும் வருவது என்றும் நினைக்க வேண்டாம். 1994-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டு வீராங்கனைகளிடம் கேட்டபோது, சராசரியாக இருபது வயதுள்ள, குழந்தை பெறாத பெண்களில் 28 சதவீதம் பேர் விளையாடும்போது சிறுநீர் கசிவதாகச் சொன்னார்கள். குதித்து இறங்கும் விளையாட்டுகளில் அது இன்னும் அதிகம்.

உழைப்பும் வறுமையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நேபாளத்தைச் சொல்ல வேண்டும். சிறுவயதுத் திருமணம், அடுத்தடுத்துப் பிரசவம், பிள்ளை பெற்ற சில நாளிலேயே மலைப்பாதையில் விறகும் தண்ணீரும் சுமப்பது என்று அங்கே கர்ப்பப்பை இறக்கம் பெரும் துயரமாகப் பரவியிருந்தது. 2008-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், இந்த நிலை பெண்களின் இனப்பெருக்க உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்து, அரசு நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. தனி ஒருத்தியின் வெட்கம் என்று ஒதுக்கப்பட்டதை நாட்டின் பொறுப்பு என்று ஒரு நீதிமன்றம் சொன்னது. எனக்கு அது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. நம் பக்கத்தில், செங்கல்பட்டு பகுதிக் கிராமங்களில் இயங்கிவரும் ருவ்செக் என்ற பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவர்கள், இறக்கத்தோடு வாழும் பெண்களிடம் நேரில் பேசி, அவர்களின் அனுபவத்தை ஆய்வாக 1999-இல் வெளியிட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் இன்னும் அந்தப் பேச்சைப் பொதுவில் தொடங்கவில்லை.

உடல் தனக்கே அந்நியமாவது

உடலைப் பற்றிய நம் மனப்படம் கண்ணாடியில் தெரியும் முகமும் இடுப்பளவும் மட்டும் கிடையாது. 'என் உடல் நான் சொன்னதைக் கேட்கும்' என்ற நம்பிக்கையும் அதில் அடக்கம். இரண்டு வயதில் கழிப்பறைக்குப் பழகியதிலிருந்து அந்த நம்பிக்கையின்மேல்தான் நடமாடுகிறோம். முப்பத்தைந்திலோ ஐம்பதிலோ அது திடீரென்று உடைந்தால், ஒருத்தி தன்னைக் குழந்தையாகவும் கிழவியாகவும் ஒரே நேரத்தில் உணர்கிறாள்.

பிறகு தொடங்குவது காவல் காக்கும் வாழ்க்கை. எந்த மண்டபத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். வெளிர் நிறச் சுடிதார் அலமாரியிலேயே இருக்கும். கறுப்பு, கரும்பச்சை, நீளமான டாப்ஸ் மட்டும் வெளியே வரும். மாதம் முழுக்கப் பேட். அது பெரும்பாலும் மாதவிடாய்ப் பேட், சிறுநீரை உறிஞ்சுவதற்காகச் செய்யப்படாதது, அதனால் தொடை புண்ணாகும். வாடை வருகிறதோ என்ற பயம் எல்லாவற்றையும்விடக் கொடியது. பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்துபோனால் தன்னால்தானோ என்று தோன்றும். பேத்தி ஓடிவந்து தூக்கச் சொன்னால் "பாட்டிக்கு இடுப்பு வலிடா" என்று பொய் சொல்ல வேண்டியிருக்கும். கோயிலுக்குப் போனால் ஈரத்தோடு எப்படி உள்ளே போவது என்று வாசலில் நின்றுவிடுபவர்கள் உண்டு. தொழுகைக்கு நடுவே கசிந்துவிட்டதோ என்று மறுபடி மறுபடி ஒளு (தொழுகைக்கு முன் கழுவித் தூய்மை செய்வது) செய்து களைத்துப்போகும் பெண்களும் உண்டு. நிற்காத கசிவு உள்ளவர்களுக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வாய்திறக்க வேண்டுமே, அதுதான் தடை.

இறக்கம் வந்தவர்களின் துயரம் சற்று வேறு மாதிரி. குளிக்கும்போது முதல்முறை அது கையில் பட்ட கணத்தில் பலர் நினைப்பது புற்றுநோய் என்று. இறக்கம் புற்றுநோய் கிடையாது, தொற்றுவதும் இல்லை, கர்ப்பப்பை ஒருநாள் திடீரென்று கழன்று கீழே விழுந்துவிடவும் செய்யாது. இந்த மூன்றையும் ஒரு மருத்துவர் நிதானமாகச் சொன்னாலே பாதிக் கலக்கம் அடங்கும். அதன் பிறகும் மிஞ்சுவது, 'உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்துவிட்டது, நான் சிதைந்துபோனேன்' என்ற எண்ணம். கர்ப்பப்பையோடு தாய்மையையும் பெண்மையையும் சேர்த்து முடிபோட்டு வைத்திருக்கும் ஊரில் அந்த எண்ணம் இன்னும் ஆழமாகப் போகும்.

2006-இல் ஜெலாவ்செக், பார்பர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், முற்றிய இறக்கத்துக்குச் சிகிச்சை தேடிவந்த பெண்களையும் இறக்கம் இல்லாத பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இறக்கம் உள்ளவர்கள் தங்கள் தோற்றத்தைப் பற்றி அதிகக் கூச்சத்தோடு இருந்தார்கள், அழகானவர்களாகவும் கணவருக்கு விருப்பமானவர்களாகவும் தங்களைக் கருதுவது குறைந்திருந்தது. உடை உடுத்திய நிலையில் வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது என்பதை இங்கே நினைவில் வையுங்கள். யாருமே பார்க்காத ஒரு மாற்றம், அவள் தன்னைப் பற்றி வைத்திருந்த படத்தை முழுக்க மாற்றியிருக்கிறது. இதன்பிறகு இறக்கம் உள்ள பெண்களின் உடல் மனப்படத்தை அளப்பதற்கென்றே தனி வினாப்பட்டியல்களும் உருவாயின.

மருத்துவர்கள் இறக்கத்தை நிலைகளாகப் பிரிப்பார்கள், பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. சென்டிமீட்டரில் அளக்கும் அந்த முறை தேவையானதுதான். ஆனால் அந்த எண்ணும் அவள் படும் பாடும் ஒத்துப்போக வேண்டியதில்லை. மூன்றாம் நிலையோடு வயலில் களையெடுத்துக்கொண்டு, தொந்தரவே இல்லை என்று சொல்பவர் இருப்பார். இரண்டாம் நிலையிலேயே வீட்டைவிட்டு வெளியே வராதவரும் இருப்பார். "சின்னதுதாம்மா, இதுக்குப் போய் பயப்படுறீங்களே" என்று அனுப்பிவைப்பது, அளந்ததை மட்டும் நம்புவதால் வரும் பிழை.

கட்டிலிலும் இது வந்து நிற்கும். உறவின்போது கசிந்துவிடுமோ, அவர் கைக்கு அது தட்டுப்படுமோ என்று பயந்து, தூங்கிவிட்டதுபோல் நடிப்பதும், பிள்ளைகளோடு படுத்துக்கொள்வதும் வழக்கமாகிறது. கணவருக்குக் காரணம் தெரியாது, தன்மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்வார். இறக்கம் இருந்தாலும் உடலுறவு கொள்ளலாம், அதனால் இறக்கம் மோசமாவதில்லை என்பது இருவருக்குமே தெரியாது. படுத்த நிலையில் புடைப்பு பெரும்பாலும் உள்ளே போய்விடும். கணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மனைவி சமீபகாலமாகப் பயணத்தையும் உங்களையும் சேர்த்தே தவிர்க்கிறார் என்றால், சண்டை போடுவதற்கு முன்னால் "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

இந்த மறைத்து வாழ்தல் நோயையும் வளர்க்கிறது. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம் கூடும். மலமும் இறுகும், முக்க வேண்டிவரும், அது தசையை இன்னும் கீழே தள்ளும். நடைப்பயிற்சியை நிறுத்தினால் எடை ஏறும், எடை அழுத்தும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று வெளியே கிளம்பும்போதெல்லாம் கழிப்பறைக்குப் போய்ப் போய், கொஞ்சம் நிறைந்தாலே கூப்பிடும்படி சிறுநீர்ப்பை பழகிவிடும். கசிவுள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது.

பிள்ளை பெற்ற வீட்டில்

புதிதாகப் பிரசவித்த இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவளுடைய வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். "வயிறு உள்ள போயிடுச்சா?" "நல்லா இறுக்கிக் கட்டு, தொப்பை விழுந்துடப் போகுது." கைப்பேசியைத் திறந்தால் ஆறே வாரத்தில் பழைய உடம்புக்குத் திரும்பிய நடிகையின் படம். இதற்கு நடுவில் அவள் இருமும்போது நனைகிறாள். ஆறு வாரத்தில் மருத்துவமனைக்குப் போனால் குழந்தையின் எடையைப் பார்ப்பார்கள், தையலைப் பார்ப்பார்கள், அடுத்த பிள்ளைக்கு இடைவெளி பற்றிப் பேசுவார்கள். "சிறுநீர் கசிகிறதா?" என்று கேட்பவர் அரிது. வீட்டில் சொன்னால், "பிள்ளை பெத்தா அப்படித்தான், நாங்கல்லாம் பொறுத்துக்கலையா" என்ற பதில் வரும்.

அம்மாவும் மாமியாரும் பொறுத்துக்கொண்டது உண்மை. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் இன்றும் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் தெரியும்.

வயிற்றைத் துணியால் கட்டுவது சிலருக்கு முதுகுக்கு ஆதரவாக இருக்கலாம். அது இடுப்புத்தளத் தசைக்கு வலு தராது. பிரான்சில் பிரசவமான பெண்களுக்கு இந்தத் தசைகளை மீட்கும் பயிற்சி வழக்கமான பேறுகாலச் சிகிச்சையின் ஒரு பகுதி. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் பத்து அமர்வுகள் வரை தேசியக் காப்பீட்டில் கிடைக்கிறது. கேட்டுப் பெற வேண்டிய சலுகையாக இல்லாமல், எல்லோருக்கும் செய்வதாக இருப்பதால் அங்கே அதில் கூச்சத்துக்கு இடமில்லை. நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவ எண்ணிக்கைக்கும் தாய்சேய் பரிசோதனைக்கும் காட்டும் அக்கறையில் ஒரு துளி இதற்கும் வந்தால் போதும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

என்ன செய்யலாம்

தசைப் பயிற்சி என்றதும் எல்லோரும் சொல்வது கெகல். ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1948-இல் இதை எழுதினார். பலருக்கும் தெரியாத விஷயம், அவர் வாயால் மட்டும் சொல்லித் தரவில்லை. தசை எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் காட்டும் ஒரு கருவியையும் உருவாக்கி, பெண்கள் தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்ள வழி செய்தார். பிற்காலத்தில் பயிற்சி மட்டும் பரவியது, கருவியும் கண்காணிப்பும் விடுபட்டன. 1991-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், வாய்வழியாக மட்டும் சொல்லித்தந்தபோது ஏறத்தாழ பாதிப்பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர், கசிவை அதிகமாக்கும் விதத்தில் கீழ்நோக்கி முக்கினார்கள். "மூணு மாசம் பண்ணேன், ஒண்ணும் ஆகல" என்று கைவிட்டவர்களில் பலர் இந்த வரிசையில் இருக்கக்கூடும். அதனால் முடிந்தால் ஒருமுறையாவது, இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செய்யும் முறை இது. முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, நாலு பேர் நடுவில் காற்றை அடக்குவதுபோல ஆசனவாயைச் சுருக்கி, அதே சுருக்கத்தை முன்னால் கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. சில நொடிகள் பிடித்து, அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்த வேண்டும். பிரிட்டன் வழிகாட்டுதலின்படி, ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். பழகியபின் உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்ய வேண்டாம். இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே சுருக்கிக்கொள்வது நல்ல பலன் தரும், தூக்குவதற்கு முன்பும் அப்படியே. செய்யும்போது வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இறுகிய தசையாக இருக்கலாம்.

அவசரமாக வரும் வகைக்கு, தோன்றியதும் ஓடாமல் நின்று, தசையைச் சில முறை சுருக்கி, அவசரம் தணிந்தபின் நடந்துபோகப் பழக வேண்டும். இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். காபி, டீ குறைத்தால் சிலருக்கு வித்தியாசம் தெரியும். எடை கூடியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் உடல் எடையில் 8 சதவீதம் குறைத்தவர்களுக்கு, வாரத்துக்குக் கசியும் தடவைகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன.

இறக்கத்துக்குப் பெஸரி என்ற சிலிகோன் வளையம் இருக்கிறது. மருத்துவர் அளவு பார்த்து உள்ளே பொருத்துவார். உறுப்புகளைத் தாங்கி நிறுத்தும், சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், தாமே எடுத்து மாட்டப் பழகுபவர்களும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு முன் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குச் சொல்லப்படுவதில்லை. உடலுக்குள் ஒரு பொருள் இருப்பதைச் சகிக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள், அதுவும் நியாயம்தான். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் திசு வறட்சியைக் குறைக்கும்.

அறுவைச் சிகிச்சை பலருக்கு நல்ல நிம்மதி தருகிறது. சிகிச்சைக்குப் பின் உடலைப் பற்றிய மனப்படமும் மேம்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் கேட்டுத் தெளிய வேண்டியவை உண்டு. கர்ப்பப்பையை எடுப்பது மட்டுமே இறக்கத்துக்குத் தீர்வாகாது. தாங்கும் திசுக்களையும் சரிசெய்யாவிட்டால், எடுத்தபின்னும் பிறப்புறுப்பின் மேல்பகுதி இறங்கலாம். இறங்கிய உறுப்புகளைத் தாங்கப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் செயற்கை வலைகளால் பல பெண்கள் நீங்காத வலிக்கு ஆளானார்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அவற்றின் விற்பனையை நிறுத்தச் சொன்னது.

'இறுக்கமாக்குகிறோம், இளமையாக்குகிறோம்' என்று பிறப்புறுப்புக்கு லேசர் சிகிச்சை விற்கும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. தசையின் பிரச்சினையோடு வரும் பெண்ணிடம், உன் உடல் அழகாக இல்லை என்ற வெட்கத்தையே காசாக்குகிறார்கள். இப்படிப்பட்ட கருவிகளுக்கு எதிராக அதே அமெரிக்க நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரிக்கை விடுத்தது. தீப்புண், தழும்பு, வலி எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

மகப்பேறு மருத்துவரிடம் போகலாம். பெரிய நகரங்களில் இதற்கென்றே யூரோகைனகாலஜி படித்தவர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகளிர் பிரிவும் பிசியோதெரபி பிரிவும் உண்டு. கிராமத்தில் இருப்பவர்கள் சுகாதார செவிலியரிடம் முதலில் பேசலாம்.

போவதற்கு முன் மூன்று நாள் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எப்போதெல்லாம் சிறுநீர் கழித்தீர்கள், எவ்வளவு தண்ணீர், காபி குடித்தீர்கள், என்ன செய்யும்போது கசிந்தது. கூட்டமான ஓ.பி.யில் வாய் வரவில்லை என்றால் அந்தத் தாளையே நீட்டிவிடலாம். அதிலேயே இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். இதனால் நீங்கள் நிறுத்திவிட்ட வேலைகள் என்ன, போகாமல் விட்ட இடங்கள் என்ன என்று. உறவில் சிக்கல் இருந்தால் அதையும். "ஆறு மாசமா வெளியூர் போகல, மனசு சரியில்ல" என்பதும் மருத்துவத் தகவல்தான், அதைப் பார்த்துத்தான் எந்தச் சிகிச்சை, எவ்வளவு சீக்கிரம் என்று முடிவு செய்ய முடியும். பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும் என்றால் கேட்கலாம், கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றாலும் கேட்கலாம்.

சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, வெளியே வந்த பகுதியில் புண் இருந்தால் நாள் கடத்தாதீர்கள். சிறுநீர் அடியோடு போகாமல் நின்றுவிட்டாலோ, திடீரென்று அடக்க முடியாமல் போனதோடு தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மற்றபடி, இருபது வருடமாக இருக்கிறதே இனி என்ன செய்வது என்று தயங்க வேண்டாம். அறுபது, எழுபது வயதில் பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கும் கசிவு குறைகிறது.